நூல் பிடித்த கோடு

பட்டறையின் இரும்புக் கதவை அகலத் திறந்து, காரை முதன்முதலாகத் தெருவுக்குத் தள்ளியபோது அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்கு நடந்தாள். அங்கே நின்று நிதானமாகத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் பெருமை வடிந்துவிட்டது.

கொழுந்தன் வாய்க்கு வாய் அண்ணி அண்ணி என்று கூப்பிட்டு, தெரு மொத்தத்துக்கும் அவள் அண்ணியாகிவிட்டிருந்தாள். கார் சீட்டுக்கு உறை தைக்கத் தெரிந்தவளாக அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள், மெல்ல மெல்லப் பட்டறையின் கடிவாளத்தையே கையில் எடுத்துக்கொண்டாள். எஞ்சின் புருஷன் பாடு, தகரம் கொழுந்தன் பாடு, மற்றதெல்லாம் அவள் சொல்கிறபடி. ஒடுக்கு எடுத்தும் உறை தைத்தும் ஓடிக்கொண்டிருந்த பட்டறை, தலை முதல் கால் வரை தானே உருவாக்கிய முதல் கார் இதுதான். நாலு கதவுப் பழைய வண்டியை இரண்டு கதவாக்கி, கூரையை அறுத்துத் தாழ்த்திப் பின்பக்கம் சரியவிட்டு, விளக்குகளை உடம்புக்குள் பதித்து, வெளியே துருத்தியதையெல்லாம் வழித்தெடுத்திருந்தார்கள். முன்விளக்கில் தொடங்கிப் பின்விளக்கு வரை பக்கவாட்டுத் தகட்டில் கோடாக ஓடும் ஒரே ஒரு மடிப்புதான் மிச்சம். பொட்டு நகை இல்லாத அந்த உடம்புக்கு அது ஒன்றுதான் அழகு.

அந்த மடிப்புதான் இப்போது காலை வாரிவிட்டிருந்தது.

"தம்பி, இங்க வா. வந்து பாரு."

கொழுந்தனுக்கு ஊரில் 'நூல்' என்று பெயர். சுவரில் காலண்டர் மாட்டுவதென்றாலும் நூல் கட்டிப் பார்க்காமல் ஆணி அடிக்க மாட்டான். வந்து பார்த்தான். முகம் மலர்ந்தது.

"என்னா அண்ணி, நூல் பிடிச்ச மாதிரி இருக்கு!"

"நூல் பிடிச்ச மாதிரிதான் இருக்கு. அதுதான் வினை. பின்னாடி தொங்குது பாரு."

அவன் அடிமடியில் கை வைத்ததுபோல் துடித்துப்போனான். ஓடிப்போய் நூலை எடுத்து வந்து முன்னும் பின்னும் கட்டி இழுத்தான். மடிப்பும் நூலும் ஒட்டிப் பிறந்தவை போல் கிடந்தன. "மயிரிழை விலகல் காட்டுங்க, இந்த வேலையையே விட்டுடறேன்" என்றான். அவன் சொன்னதில் பொய்யில்லை.

அண்ணி சண்டைக்குப் போகவில்லை. அவனைத் தன் பக்கத்தில் நிறுத்தி, உள்ளங்கையை நீட்டிக் கூரையை மறைத்துக்கொண்டு பார்க்கச் சொன்னாள். மடிப்பு நேராக ஓடியது. "இப்ப கையை எடு." எடுத்தான். பின்னோக்கிச் சரிந்த கூரை, மடிப்பையும் கூடவே இழுத்துக்கொண்டு இறங்கியது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவர் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்ததுபோல் காரின் பின்பக்கம் சோர்ந்து கிடந்தது. நூல் இன்னொரு தரம் கையை வைத்து, எடுத்து, வைத்து, எடுத்து, கடைசியில் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

பட்டறை ரயில் பெட்டி மாதிரி ஒடுக்கம். காருக்கும் சுவருக்கும் நடுவே வயிற்றை எக்கிக்கொண்டுதான் நகர முடியும். அங்கே கூரையைப் பார்த்தால் மடிப்பு தெரியாது, மடிப்பைப் பார்த்தால் கூரை தெரியாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தவர்கள் இரண்டையும் சேர்த்து ஒரு தரமும் பார்க்கவில்லை. அண்ணிக்குத் தன் மேல்தான் கோபம் கோபமாக வந்தது. வளைந்த சீட்டுச் சாய்மானத்துக்குக் கீழே அலங்காரத் தையல் போடும்போது ஓரத்தில் கொஞ்சம் ஏற்றித் தைக்காவிட்டால் அது தொங்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். துணியில் தெரிந்தது தகரத்தில் ஏன் தோன்றவில்லை? நூல் இருக்கிறதே என்று தன் கண்ணுக்கு லீவு கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான் விஷயம்.

"பெயிண்ட் அடிச்சா தெரியாது அண்ணி" என்றான் நூல், தரையைப் பார்த்தபடி.

"பளபளன்னு ஆனப்புறம் இன்னும் நல்லாத் தெரியும். உனக்கே தெரியும், சும்மா சொல்லாத."

அந்த நேரம் பார்த்துக் காரின் சொந்தக்காரர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பல் டாக்டர். யாருடன் பேசினாலும் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பவர். மகளைக் கல்யாணத்துக்கு இந்தக் காரில் தானே ஓட்டி அழைத்துப்போவதாக வீட்டில் சபதம் போட்டிருந்தார். சாம்பல் பூச்சோடு நின்ற காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி சுற்றினார்.

"பிரமாதம்மா! நாளைக்குப் பெயிண்ட்டுதானே?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நூல் தலை நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தான். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்ததென்னவோ நிஜம். இந்தக் கார் ஓடும் இடமெல்லாம் அவள் பேரும் கூடவே ஓடும், தொங்கிய பின்பக்கத்தோடு ஓடும். அதை நினைத்ததும் வார்த்தை உள்ளே போய்விட்டது.

"இல்ல டாக்டர். பின்பக்கம் ரெண்டு பக்கத்துலயும் அறுக்கணும்."

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லாத்தானேம்மா இருக்கு? அறுத்துக் கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுதுன்னா தகடு முழுசாப் புதுசா அடிக்கணும். கல்யாணத்துக்கு வண்டி வராது. நீங்க டாக்ஸிதான் பிடிக்கணும்." அவள் மென்று விழுங்காமல் சொன்னாள். "ஆனா கெடாது. நான் கூடவே நிக்கறேன்."

அவரையும் எதிர்ச்சாரிக்குக் கூட்டிப்போய்க் கையை நீட்டச் சொன்னாள். டாக்டர் கூரையை மறைத்தார், திறந்தார். மறுபடி மறைத்தார், திறந்தார். பிறகு அவருடைய விரல் தானாகத் தன் மேலுதட்டுக்குப் போனது.

"செட் பல்லு கட்டறப்ப வரிசையை ஸ்கேல் வெச்ச மாதிரி நேராக் கட்டக்கூடாதும்மா. கட்டினா, அந்த ஆளு சிரிச்சாலும் அழுமூஞ்சியாத் தெரியும். ரெண்டு ஓரத்துலயும் துளி மேல ஏத்தணும்" என்றார். சொல்லிவிட்டுத் தன் வாயாலேயே மாட்டிக்கொண்டவர்போல் அண்ணியைப் பார்த்தார். "ஏன்மா என் கண்ணைத் திறந்துவிட்டீங்க? இனிமே எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

"அப்ப அறுக்கலாமா?"

"ஒரு பக்கம் மட்டும் அறுங்க. அதைப் பாத்துட்டு மறுபக்கம் சொல்றேன்."

மறுநாள் காலை அண்ணி ஒட்டு நாடாவை எடுத்தாள். ஒரு முனையைக் கதவின் பின்விளிம்பில் அழுத்திப் பிடிக்கக் கொழுந்தனை நிறுத்திவிட்டு, நாடாவைத் தளர்த்தி நீட்டிக்கொண்டே பின்னால் நடந்தாள். கோடு கதவைத் தாண்டியதும் மெல்ல ஏறத் தொடங்கி, பின்விளக்கை அடையும்போது இரண்டு விரற்கடை உயர்ந்து நின்றது. ஒட்டினாள், தெருவுக்குப் போய்ப் பார்த்தாள், உரித்தாள், மறுபடி ஒட்டினாள். நூலின் கை நூலுருண்டையைத் தேடி இரண்டு தரம் பாக்கெட்டுக்குள் போய் வெறுமனே திரும்பியது. அவனுக்குத் திருப்தியான இடத்தில் அவள் உரித்தாள். அவள் ஒட்டிய இடத்தில் அவன் முணுமுணுத்தான். கடைசியில் இருவரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டார்கள்.

"அறு" என்றாள்.

அவன் கைதான் அறுத்தது. தீப்பொறி காலடியில் கொட்டியது. தகடு வாய் பிளந்ததும் அவள் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். ஏற்றி, இடைவெளிக்குத் துண்டு வைத்து, பொட்டுப் பொட்டாகப் பற்றவைத்து, தட்டி, அரம் போட்டு முடிக்கும்வரை வேறு வேலையை அவர்கள் தொடவில்லை.

டாக்டருக்குச் சொல்லி அனுப்பிவிட்டுக் காரைத் தெருவுக்குத் தள்ளினார்கள். சாம்பல் பூச்சுக்கு நடுவே புதுத் தகரம் வெள்ளையாய் மின்னியது. டாக்டர் வந்து ஸ்கூட்டரை நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். நூல் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். அண்ணி எதிர்ச்சாரிக்கு வந்தும் காரைப் பார்க்கவில்லை. பார்த்துப் பார்த்துப் புளித்த தன் கண்ணை அவள் இப்போது நம்பத் தயாராக இல்லை. தெருவைப் பார்த்தாள்.

கையில் மடக்கிய குடையோடு, முன்பின் தெரியாத ஒருவர் ஏதோ யோசனையில் நடந்து வந்தார். காரின் முன்விளக்கில் அவர் கண் தற்செயலாக விழுந்தது. நடை தளர்ந்தது. கண் மடிப்போடு பக்கவாட்டில் மெல்ல ஊர்ந்து, கதவைக் கடந்து, பின்விளக்கை நோக்கிப் போனது. அங்கே போய்ச் சேர்ந்தபோது, அவருக்கே தெரியாமல், அவர் முகவாய் துளி மேலே ஏறியது.