சும்மா பாட்டில்

எதைக் கண்டாலும் ஏன், எதுக்கு என்று துருவித் துருவிக் கேட்கிற பெண்ணுக்கு வீட்டில் துருவி என்று பட்டப்பெயர் விழுந்ததில் தப்பே இல்லை. அந்த வாய்க்கு ஏற்ற உத்தியோகமும் கிடைத்துவிட்டது: சுற்றுச்சூழல் வள அலுவலர். ஊர்த் தண்ணீரையும் மண்ணையும் சோதித்து, யார் கெடுக்கிறார்கள் என்று எழுதிக்கொடுக்கிற வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை. முதல் அறிக்கை தேறினால்தான் நாற்காலி.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் தம்பிக்கு அதற்குமேல். அவர் சலவைக்கடைக்காரர். அலுவலகத்தில் கொடுத்த காக்கிக் கோட்டைத் தன் கையாலேயே துவைத்து, தொட்டால் விரல் அறுந்துவிடும் என்கிற மாதிரி மடிப்பு வைத்துக் கொண்டுவந்தார்.

"தண்ணி ஆபீசரம்மா, இந்த மாமனைக் கொஞ்சம் கவனிச்சுக்கங்க" என்று ஒரு கும்பிடு வேறு.

கவனிக்கத்தான் போகிறாள், பாவம். முதல் வேலையே அவர் கடைக்குப் பின்னால் ஓடும் வாய்க்கால்தான். மேலதிகாரி அம்மாளிடம், "அது என் மாமா கடை, மேடம்" என்று சொல்லிப் பார்த்தாள்.

"தண்ணிக்கு மாமன் மச்சான்லாம் கிடையாது. போய் எடுத்துட்டு வா."

மறுநாள் விடியற்காலையில் நேராக வாய்க்காலுக்குப் போவதாக இருந்ததால், ஆய்வகத்துப் பாட்டில்கள் மூன்றையும் முந்தின சாயங்காலமே வீட்டுக்குக் கொண்டுவந்தாள். கடைக்கு மேற்புறத் தண்ணீருக்கு ஒன்று, கீழ்ப்புறத் தண்ணீருக்கு ஒன்று. மூன்றாவதில், காய்ச்சி வடித்த சுத்தமான தண்ணீரை வாய்க்கால் கரையில் நின்று ஊற்றித் திரும்ப எடுத்துவர வேண்டும்.

"நல்ல தண்ணிய இங்கேருந்து தூக்கிட்டுப் போய், அப்படியே திருப்பித் தூக்கிட்டு வருவியா?" என்றாள் அம்மா.

"அதுல ஒண்ணுமே இல்லன்னு முடிவு வரணும்மா. அப்பதான் மத்த ரெண்டையும் நான் ஒழுங்கா எடுத்திருக்கேன்னு அர்த்தம்."

"சும்மா போயிட்டுச் சும்மா வர்றதுக்கு ஒரு பாட்டில். உங்கப்பா மாதிரி."

அப்பா செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அதற்குச் சும்மா பாட்டில் என்றே பெயர்.

முதலில் இரண்டு பாட்டில்களின் சோதனை முடிவு வந்தது. மேற்புறத் தண்ணீர் சுத்தம். கீழ்ப்புறத்தில் பாஸ்பேட் எகிறிக் கிடந்தது. சோப்புத்தூளில் இருக்கிற சரக்கு அது. வாய்க்காலில் கலந்தால் பாசி மண்டி மீன் சாகும். துருவி பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். கடைசியில், இதில் போய் மாமா முகம் பார்த்தால் நான் எதற்கு இந்த வேலைக்கு வந்தேன் என்று கையெழுத்தைப் போட்டுவிட்டாள். சலவைக்கடைக்கு நோட்டீஸ் போனது. யந்திரங்கள் நின்றன.

வீடு இரண்டுபட்டது.

"தாய்மாமன் வயித்துல அடிக்கவா உன்னைப் படிக்க வச்சேன்?" என்று பிடித்துக்கொண்டாள் அம்மா. அதோடு பேச்சும் நின்றது. தட்டு வைக்கிற சத்தம் மட்டும் பலமாகக் கேட்டது. மாமா சண்டைக்கு வராமல், நின்ற யந்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதுதான் துருவிக்கு அதிகமாக வலித்தது. சேறு பட்ட கோட்டை அந்தக் கடையில் போடத் துணியாமல், தானே ஒரு வாளியில் அலசிக் கொடியில் போட்டாள்.

ஆய்வகத்தில் சும்மா பாட்டிலை எப்போதும் கடைசியில்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். அதிலும் பாஸ்பேட்.

சுத்தமான தண்ணீருக்குள் சோப்பு எங்கிருந்து வந்தது? துருவி போட்டது போட்டபடி வீட்டுக்கு ஓடினாள்.

"அம்மா, அந்தப் பாட்டிலை யாராவது தொட்டீங்களா?"

பேசாத அம்மா இதற்கு மட்டும் பெருமையாகப் பேசினாள். "நான்தான் சோப்புத்தூள் போட்டுக் கழுவி வச்சேன். ஆபீசுக்குக் கொண்டு போற பாட்டில் இப்படியா தூசியா இருக்கிறது? ரெண்டுதான் கிடைச்சுது. இன்னொண்ணு உன் பைக்குள்ள இருந்திருக்கு. கிடைச்சிருந்தா அதையும் கழுவியிருப்பேன்."

பைக்குள் இருந்த அந்தக் கழுவாத பாட்டிலில்தான் மேற்புறத் தண்ணீரை எடுத்திருந்தாள். துருவி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். விஷயம் விளங்கியதும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்போ என் தம்பி வயித்துல அடிச்சது நானா?"

"நான்தாம்மா. வீட்டுக்குக் கொண்டுவந்ததே தப்பு."

ஆய்வகத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். நாற்காலி மிஞ்சியிருக்கும். அந்த யோசனை வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது. ஆனாலும் மேலதிகாரி முன்னால் போய் நின்று, அம்மா கழுவியதுவரை ஒன்று விடாமல் ஒப்பித்தாள்.

"மாமாவைக் காப்பாத்த நீ கதை விடறேன்னு ஊர் சொல்லுமே?" என்றார் மேடம்.

"அதனாலதான் மேடம், இந்தத் தடவை நீங்களே எடுங்க. நான் வாய்க்கால் பக்கமே வரல."

மேடம் ஆய்வகத்திலிருந்து நேராகப் போய், கடை யந்திரங்களை ஓட்டச் சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துவந்தார். முடிவில் மேலும் கீழும் ஒரே மாதிரி சுத்தம். நோட்டீஸை ரத்து செய்த கையோடு, "இன்னும் ஆறு மாசம் பார்க்கிறேன். நாற்காலி அப்புறம்" என்றார். வேலை போகவில்லை, அந்த மட்டுக்கும் நிம்மதி.

அன்று சாயங்காலம் மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா அழ ஆரம்பிப்பதற்குள், "அக்கா, அது என்ன சோப்புன்னு சொல்லு. ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் போகமாட்டேன்" என்றார். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் குலுங்கிச் சிரித்தார்.

துருவி அலுவலகக் கோட்டுடனேயே சுவரோரமாக நின்றிருந்தாள். மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதை யார் துவைச்சது?"

"நான்தான் மாமா."

"பார்த்தாலே தெரியுது. நோட்டீஸுக்குக்கூட எனக்குக் கோபமில்ல. இந்த லட்சணத்துல ஆபீஸ் போயிருக்க பாரு, அதுக்குத்தான் கோபம். கழட்டு."

கழற்றும்போது அழுதேவிட்டாள்.

"அடுத்த வருஷமும் வந்து அளப்பேன் மாமா. அப்போ நிஜமாவே இருந்தா, திரும்பவும் கையெழுத்துப் போடுவேன்."

"போடு" என்றார் மாமா, கோட்டை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. "போட்டுட்டுக் கோட்டை என் கடையிலதான் கொண்டுவந்து போடணும்."