எமிலின் ஆறடி

வெர்னா குழி தோண்டும் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றுகொண்டாள். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் லூமிர் எஞ்சினை அணைக்காமல், மேலே உட்கார்ந்தபடியே அவளைப் பார்த்தார்.

"எங்க தோண்டப் போறீங்க?"

"உங்கப்பன் இடத்துலதான். உங்கம்மாவுக்கு இடது பக்கம். வேற எங்க?"

அந்த இடத்தில் ஆளைவிட உயரமாக நின்றது திசைகாட்டிச் செடி. ஜூலை வெயிலில் தண்டு நெடுக மஞ்சள் பூக்கள், சூரியகாந்திக்குத் தங்கை மாதிரி. அடியிலிருந்த பெரிய இலைகள் வழக்கம்போல விளிம்பை வடக்கும் தெற்குமாக வைத்து நின்றன.

நேற்றுக் காலை அவள் அப்பா எமில் காப்பி குடித்தார், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தார், நாற்காலியில் வந்து உட்கார்ந்தார், போய்விட்டார். எண்பத்தாறு வயது. நல்ல சாவு என்று ஊரே சொன்னது. மகளுக்கும் அப்படித்தான் பட்டது. நாளைக்கு அடக்கம். எல்லாவற்றையும் யோசித்திருந்தவள் இந்தச் செடியை மறந்துபோயிருந்தாள்.

அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துப் புல்வெளிகள் சோளக்காடாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. இந்த வட்டாரத்தில் பழைய பூக்களுக்கு மிஞ்சியது கல்லறைத் தோட்டத்து வேலியோரம் மட்டும்தான். அதையும் லூமிர் மாதாமாதம் புல்லோடு சேர்த்து வெட்டித் தள்ளுவார். எமில் சண்டைக்குப் போவார். "உன் ஆறடிக்கு நீ ராஜா. மத்ததெல்லாம் என் பாடு," என்றார் லூமிர் ஒருநாள். எமில் நேரே போய் வேலியோரத்து விதையை எடுத்துவந்து, தனக்கென்று வாங்கிப்போட்டிருந்த ஆறடியில் ஊன்றிவிட்டார். எட்டு வருஷம் வெறும் இலை. அதன்பிறகு இருபது வருஷமாகப் பூ. தான் எங்கே படுப்பது என்று மட்டும் அந்த மனுஷனுக்குத் தோன்றவே இல்லை.

"வேர் பதினஞ்சு அடி இறங்கும்னு சொல்வாரு. தோண்டினா செடி போயிடும்," என்றாள் வெர்னா.

"என்கிட்டயும் நூறு தடவை சொல்லியிருக்கான்."

"அதுக்காக அம்மாகிட்டருந்து பிரிச்சு எங்கயோ ஒரு மூலையில வைக்கவும் மனசு வரல, லூமிர்."

லூமிர் எஞ்சினை அணைத்தார். மெதுவாக இறங்கி, அவள் அம்மாவின் கல்லைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய் நின்றார்.

"இங்க தோண்டுறேன்."

"அது உங்க இடமாச்சே."

"தெரியும். அந்தச் செடியைக் கொன்னுட்டு அவனைப் படுக்க வெச்சா, செத்தும் என்னைத்தான் திட்டுவான்." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "உங்கம்மாவோட இடது காதுல நாப்பது வருஷம் குறட்டை விட்டாச்சு. இனிமே வலது காதுல விடட்டும்."

வெர்னா சிரித்துவிட்டாள். அப்பா போனபின் முதல் சிரிப்பு. கண்ணும் நிறைந்தது.

"அப்ப நீங்க?"

"நான் தனிக்கட்டை. எனக்கு வேலியோரம் போதும்."

அடக்கம் நல்லபடியாக முடிந்தது. வந்தவர்களுக்குக் கொடுத்த, கசகசா வைத்த கொலாச்சி என்கிற இனிப்பு ரொட்டிகூட ஒன்றும் மிச்சமில்லை.

அடுத்த சனிக்கிழமை வாடிய மலர்வளையங்களை எடுக்க வெர்னா போனபோது, லூமிர் புல்வெட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவளை அவர் பார்க்கவில்லை. செடியருகே வந்ததும் வண்டியை ஒடித்து, அதைச் சுற்றிக்கொண்டு போனார். திட்டுவதற்குத்தான் ஆளில்லை.

வேலியோரம் போனதும் வெட்டுக் கத்தியை மேலே தூக்கினார். அங்கே நின்ற எதையும் தொடாமல் வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பினார்.