மறுக்கப் பழகும் வகுப்பு

பிடிக்காததை மறுக்கப் பழகுவதுதான் தன்னம்பிக்கை வகுப்பில் அன்றைய பாடம். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாதவள் என்று பெயரெடுத்த, வகுப்பிலேயே சின்னவள், எழுந்து நின்று, "எனக்கு வேண்டாம்," என்று அழுத்தமாகச் சொன்னாள். பயிற்சியாளருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வகுப்பு விளம்பரத்துக்கு இந்த முகம்தான் பொருத்தம் என்று நினைத்து, வகுப்பு முடிந்ததும் கைபேசியோடு அவளிடம் வந்தாள்.

"போட்டோ வேண்டாம் மிஸ்."

"ஒண்ணே ஒண்ணு, செல்லம்."

"வேண்டாம் மிஸ்."

பயிற்சியாளர், மகளைக் கூட்டிப்போக வந்திருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"நீங்க எடுங்க மிஸ். இவ சும்மா பிகு பண்ணுவா," என்று அம்மா மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினாள். படம் நன்றாகவே வந்தது.

வாசலில் செருப்பு மாட்டப் போன சின்னவள் திரும்பி வந்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, சந்தேகம்தான் இருந்தது.

"மிஸ், நான் சரியா சொல்லலையா?"

பயிற்சியாளர் கூனிக்குறுகிப் போனாள்.

"சரியாத்தான் சொன்னே கண்ணு. நான்தான் கேக்கல."

"அதான் எடுத்தாச்சே, வாடி," என்றாள் அம்மா.

பயிற்சியாளர் சின்னவளின் எதிரிலேயே படத்தை அழித்தாள். அழித்த பிறகும் கை கூசியது.