சும்மா கிடந்த மேடு

அவனுக்கு ஆந்தை என்று பெயர் வைத்தது அக்காவின் கணவர். ஊர் தூங்கும்போது விழித்திருந்து, ஊர் விழிக்கும்போது தூங்கப் போகிறவனை வேறென்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டார். ஒரு பெரிய வணிக வளாகத்தில் அவனுக்கு இரவு ஷிஃப்டில் துப்புரவு வேலை. பகலெல்லாம் ஊரே மிதித்த தரையை, மறுநாள் ஊரே மிதிப்பதற்காகக் கழுவி வைக்க வேண்டும். ஒருநாள் வேலைக்குக் கிளம்பவில்லை. மறுநாளும் கிளம்பவில்லை. அவ்வளவுதான், வேலை போய்விட்டது. கல்லூரியையும் முன்பு இப்படித்தான் விட்டிருந்தான். பெயர் மட்டும் அவனை விடவில்லை.

அக்கா வீட்டு மாடியறையில் இருந்தான். அக்கா பள்ளிக்கூடத்தில் உயிரியல் ஆசிரியை. அம்மா தவறிப்போனபோது அவன் அரைக்கால் சட்டை போடுகிற பையன். அக்காதான் தலைவாரி, சோறு போட்டு, வீட்டுப்பாடம் எழுத வைத்து ஆளாக்கினாள். ஆள் இன்னும் ஆகவில்லை என்பது மாமாவின் கட்சி. மாமா எடைத் தராசுகளைப் பழுதுபார்க்கிறவர். பேச்சிலும் ஒரு கல் கூடக் குறைய வைத்துத்தான் பேசுவார். "படி பாவம்ப்பா, மெல்ல எறங்கு. வேலை செய்யாத உடம்புக்குத்தான் எடை ஜாஸ்தி" என்பார். சொல்லிவிட்டு, அவன் தட்டில் சோற்றையும் அவரே அள்ளி வைப்பார்.

தெரு போய் முட்டும் இடத்தில், மூடிப்போன இரும்பு வார்ப்பு ஆலை ஒன்று இருந்தது. அதன் பின்னால் கசடு மேடு. இரும்பு உருகும்போது மேலே மிதக்கும் அழுக்கை வழித்தெடுத்துக் கொட்டுவார்கள். ஆறியதும் அது பாதி கல்லும் பாதி கண்ணாடியுமாக இறுகிவிடும். ஆலை ஓடிய காலமெல்லாம் வண்டி வண்டியாகக் கொட்டியிருந்தார்கள். தூரத்து முனையில் ஆரம்பித்துத் தெருப் பக்கமாக நகர்ந்துகொண்டே வந்ததால், அந்த முனைக் கசடு கிழம், இந்த முனைக் கசடு குழந்தை. மண் என்று கைப்பிடி அளவுகூட யாரும் அங்கே போட்டதில்லை. ஊரில் அதற்குப் பெயர் 'சும்மா கிடக்கிற இடம்'.

அது சும்மா கிடக்கவில்லை என்று சொன்ன ஒரே ஆள் அக்கா.

அவன் வேலையில் இருந்த நாட்களில், ஷிஃப்ட் முடிந்து வரும் காலை வேளையில் அவள் கேமராவோடு மேட்டில் நிற்பாள். வருடம் தவறாமல் அதே இடங்களைப் படம் எடுப்பது அவள் வழக்கம். வருகிறவனைப் பிடித்து வைத்துக்கொண்டு பாடம் நடத்துவாள். அவனுக்குக் கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல எரியும். ம், ம் என்று கொட்டிக்கொண்டு நிற்பான்.

தெருப்பக்கக் கற்களில் சாம்பலும் கறுப்புமாகப் பொருக்குத் தட்டியதுபோல் ஒன்று ஒட்டியிருக்கும். அது அழுக்கு இல்லை, கல்பாசி என்றாள். மளிகைக் கடையில் விற்கிறதே, அதற்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. காற்றும் பனியும் போதும் அதற்கு. கல்லை இம்மி இம்மியாக அரிக்கும். பறக்கிற தூசியைப் பிடித்து வைக்கும். கடைசியில் செத்து அந்தத் தூசியோடு தூசியாகும். அந்தச் சிட்டிகை மண்ணில் பச்சைப் பாசி வந்து உட்காரும். பாசி பிடித்து வைத்த ஈரத்தில் புல் முளைக்கும். புல்லுக்குள் ஏதோ ஒரு காட்டுப்பயறு வந்து மண்ணுக்கு உரம் ஏற்றும். புதர் வந்தால் குருவி வரும், குருவி எச்சத்தில் மரம் வரும். மரத்தின் நிழல் விழுந்ததும், வெயிலையே நம்பி வந்த முதல் ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போவார்கள். தூரத்து முனையில் அப்படித்தான் மரங்கள் நின்றன. கீழே முழங்கால் புதையும் சருகு, சருகுக்கு அடியில் கறுத்த மண், மண்ணுக்குள் புழு. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்தால், வெறும் கல் காடாவதை நடந்தே பார்த்துவிடலாம்.

"முதல்ல வர்றது மூத்த மருமக மாதிரிடா," என்றாள் ஒருமுறை. "வெறும் சுவரை வீடாக்குறது அவதான். எல்லாரும் வந்து உட்கார்ந்தப்புறம் பார்த்தா, அவளுக்கு மட்டும் உட்கார இடம் இருக்காது."

ம் என்றான். மூத்த மருமகள் என்றது காதில் விழுந்தது. யாரைச் சொல்கிறாள் என்று யோசிக்கத் தூக்கம் விடவில்லை.

பிறகு நகராட்சி அந்த இடத்தில் லாரி நிறுத்துமிடம் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. அக்கா மனு மேல் மனுவாகக் கொடுத்தாள். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். அந்த மேட்டுக்காக அவள் செருப்புத் தேய்வதைப் பார்த்து, கசடுக்குக் காவடி எடுக்கிற ஒரே டீச்சர் என்று மாமா கிண்டல் அடித்தார். ஒருவழியாக, ஒரு அதிகாரியும் ஒரு தாவரவியல் நிபுணரும் நேரில் வந்து பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. அங்கே உயிருள்ள ஒரு கூட்டம் உருவாகியிருக்கிறது என்று நிபுணர் சொல்லிவிட்டால், லாரிகளுக்கு வேறு இடம் பார்ப்பார்கள். தேதி மட்டும் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து, வெளியூரில் இருந்த அக்கா மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. அக்கா பெட்டி கட்டினாள். கிளம்பும்போது அவனை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"மேட்டை ஒரு எட்டு போய்ப் பாரு. குப்பை கொட்டிறப் போறாங்க, தீ கீ வெச்சிறப் போறாங்க. நீ ஒண்ணும் செய்ய வேணாம். சும்மா பாத்துக்கோ."

அவள் அழுத்திச் சொன்னது 'சும்மா'. அவன் காதில் ஏறியது 'பாத்துக்கோ'. குழந்தையைப் பாத்துக்கோ, கடையைப் பாத்துக்கோ என்றால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார் என்றா அர்த்தம்? அதுவரை யாரும் எதையும் அவனை நம்பி விட்டுப் போனதில்லை. பேருந்து நிலையம் வரை அவள் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு போய் விட்டுவந்தான்.

தினமும் மேட்டுக்குப் போனான். பேத்தி பிறந்த செய்தி வந்தது. அதை அடுத்து நகராட்சியிலிருந்து போன் வந்தது, இன்னும் மூன்று நாளில், காலையில் வருகிறோம் என்று. அக்காவிடம் சொன்னதும் அவள் முந்தின நாள் இரவுப் பேருந்தைப் பிடித்து நேராக மேட்டுக்கே வந்துவிடுவதாகச் சொன்னாள். பிள்ளை அழும் சத்தத்தில் வேறெதுவும் பேச முடியவில்லை.

நாலு பேர் வர்ற இடம். இது அம்மாவின் வாக்கு. வீட்டுக்கு யாராவது வருகிறார்கள் என்றால் அம்மா வாசற்படியிலிருந்து கொல்லைக் குழாய் வரை தேய்த்துத் தள்ளிவிடுவாள். வருகிறவர்கள் வெறும் காப்பீட்டு ஏஜெண்டாக இருந்தாலும் அதே கதைதான். அக்காவுக்கும் அந்தப் புத்தி உண்டு. சொந்தக்காரர் போன் பண்ணினாலே கையில் துடைப்பம் ஏறிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் மேட்டில் நின்று, அதிகாரியின் கண்ணால் அதைப் பார்த்தான். கறை பிடித்த கல். தாறுமாறான புல். முள். சருகுக் குவியல். இந்தக் கோலத்தில் வைத்துக்கொண்டா அக்கா ஊரோடு சண்டை போடுகிறாள் என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது.

பழைய சூப்பர்வைசரிடம் கெஞ்சி, வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் கழுவு இயந்திரத்தை வாங்கி வந்தான். தெருக்கோடி வீட்டில் குழாய் இழுத்துக்கொண்டான். வேலையை விட்டபிறகு முதல் தடவையாக விடிந்ததும் எழுந்தான். தெருப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தான். தண்ணீர் பட்ட இடத்தில் பொருக்கு கோடு கோடாக உரிந்தது. அடியில் கசடு நீலமாகப் பளபளத்தது. இத்தனை அழகை இத்தனை காலம் அழுக்கு மூடி வைத்திருந்ததே என்று நினைத்துக்கொண்டான். பாசியைச் சுரண்டினான். புல்லைப் பிடுங்கினான். பயறுக்கொடியை வேரோடு இழுத்தபோது வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் இருந்தன. நோய் என்று எண்ணி எட்ட எறிந்தான். புதர்களை வெட்டினான். மரத்தடிச் சருகையெல்லாம் வாரி மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினான். கடைசியில் பெருக்கியும் விட்டான். வணிக வளாகத்தில்கூட அவன் இவ்வளவு மனது வைத்து வேலை செய்ததில்லை.

மறுநாளும் அதே வேலை. மாலையில் மாமா வந்து பார்த்தார். இடுப்பில் கைவைத்துக்கொண்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கண்ணை ஓட்டினார்.

"பரவாயில்லையே மாப்பிள்ளை," என்றார்.

ஆந்தை என்று சொல்லவில்லை. அந்த 'மாப்பிள்ளை'யை அவன் வீடு வரை வாயில் போட்டு மென்றுகொண்டே போனான்.

காலையில் அக்காவும் அதிகாரியின் ஜீப்பும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். அக்கா தோளில் பையோடு நாலடி வைத்தாள். நின்றாள். பையை இறக்கிக் கல்மேல் வைக்கப் போனவள், வைக்காமல் மறுபடி தோளில் மாட்டிக்கொண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்பது பிற்பாடு அவனுக்கு நினைவில்லை. நின்றது மட்டும் நினைவிருக்கிறது.

நிபுணர் நடுவயதுப் பெண். பூதக்கண்ணாடி ஒன்றைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். குனிந்து ஒரு கல்லைப் பார்த்தார். இன்னொரு கல்லைப் பார்த்தார். பிறகு அந்தக் கண்ணாடியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மரங்கள் வரை நடந்து, கூட்டிப் பெருக்கின தரையில் செருப்பு நுனியால் கீறிப் பார்த்தார்.

"நீங்க அனுப்பின படத்துல எல்லாம் இருந்ததேம்மா," என்றார். "அந்த இடம் எங்க?"

"இதுதான்," என்றாள் அக்கா. "கழுவிட்டாங்க."

கழுவினது யார் என்று அதிகாரி கேட்டார். கழுவிட்டாங்க என்ற சொல்லில் ஆள் கிடையாது. ஊரில் எவனோ ஒருத்தன், அல்லது ஊரே. தன் தம்பியை அந்த 'ங்க'வுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகவே சொன்னார்: இங்கே கழுவினதுக்குச் சாட்சி யாராவது உண்டா? இல்லையென்றால், படமெல்லாம் வேறெங்கோ எடுத்தது என்று நாளைக்கு யாராவது கேட்டால் அவர் என்ன சொல்வது? நிபுணரும் திரும்பிப் பார்த்தார். நேற்று நடந்தது என்று தெரிந்தால், கழுவாத மூலை முடுக்கைத் தேடிப் பார்த்தாவது ஒரு குறிப்பு எழுதலாம், அவகாசம் கேட்கலாம் என்றார்.

அவன் பத்தடி தள்ளி, கையில் துடைப்பத்தோடு நின்றான். நான்தான் சார் என்று சொன்னால் போதும். நேத்துதான் சார், முந்தாநாளும் சார், இந்தக் கையாலதான் சார். சொல் தொண்டை வரை வந்தது. நேற்றைய 'மாப்பிள்ளை' அதற்கு மேலே ஏற விடவில்லை. செய்தது தப்பென்று அக்காவின் முகத்திலிருந்து தெரிந்துகொண்டவன், அது தன் தப்பென்று நாலு பேர் முன்னால் ஆகிவிடுமே என்று பயந்தான். வாயை மூடிக்கொண்டு நின்றான்.

சும்மா இருக்க வேண்டிய இரண்டு நாள் சும்மா இருக்கவில்லை. வாயைத் திறக்க வேண்டிய ஒரு நிமிஷம் சும்மா இருந்தான். அவன் வாழ்க்கையை ஒரு வரியில் எழுதச் சொன்னால் இதை எழுதலாம்.

"சும்மா கிடக்கிற இடம்தானேம்மா," என்றார் அதிகாரி, ஜீப்பில் ஏறும்போது. ஆறுதலாகத்தான் சொன்னார். "அந்த நாலு மரத்தை வேணா நிறுத்திக்கிறோம். டிரைவருங்க நிழல்ல ஒதுங்குவாங்க."

அக்கா திட்டுவாள் என்று அன்று முழுக்கக் காத்திருந்தான். திட்டியிருந்தால் ஒருவேளை அழுதிருப்பான், அவளும் அழுதிருப்பாள், விஷயம் ஒரு கரைக்கு வந்திருக்கும். அவள் குளித்துவிட்டு, பேத்தியின் படத்தைப் போனில் காட்டினாள். மூக்கு உன்னை மாதிரி என்றாள். ராத்திரிச் சாப்பாட்டில் மாமா மட்டும், அவன் என்ன பண்ணுவான், நானும்தானே பார்த்தேன், எனக்கும் அழுக்குன்னுதானே பட்டது என்று இழுத்தார். அக்கா அவருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"அவன்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன்," என்றாள். "தூக்கத்துல சொல்லிட்டேன் போல."

கான்கிரீட் போட்டார்கள். லாரிகள் வந்தன. லாரி கழுவ ஆள் தேவை என்று போர்டு வைத்தபோது, மாமா அவனுக்காகப் போய்ப் பேசினார். உன் கை சுத்தத்தைப் பார்த்தவன் நான் என்று அதற்கு ஒரு காரணமும் சொன்னார். போக மாட்டேன் என்று சொல்ல அவனிடம் எந்த நியாயமும் இல்லை. பகல் வேலை. அதே மாதிரி இயந்திரம், அதே இடம். விட்ட நாலு மரத்தில் இரண்டு அந்தக் கோடையிலேயே காய்ந்தன. அடியில் சருகு இல்லாத வேருக்கு அந்த வெயில் ஜாஸ்தி என்று அவனுக்கு இப்போது தெரியும். இப்போது அவனுக்கு எல்லாம் தெரியும். அக்கா அந்தக் காலைகளில் சொன்னதெல்லாம், தூங்காமல் கேட்டவனைப் போல வரிசையாக ஞாபகம் வருகிறது. லாரியின் சக்கரத்தில் தண்ணீர் பீய்ச்சும்போது வரும், மூத்த மருமகள் உட்பட.

பின்சுவரில் தண்ணீர் கசியும் இடத்தில் ஒரு மழைக்குப் பிறகு கறுப்பாக ஏதோ படர்ந்தது. அவன் அந்தப் பக்கம் குழாயைத் திருப்பாமல் இருந்தான். பார்க்க வந்த மேனேஜர் அதைக் காட்டி, என்னப்பா, கண்ணு தெரியலையா என்றார். அவன் முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. அவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கவே, கழுவினான். வெள்ளைச் சுவர் வெள்ளையானது.

வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னான். அவள் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"பின்சுவத்துல வந்திருந்துச்சுக்கா. கறுப்பா."

"கழுவிட்டியா?"

"நின்னு பார்த்தாரு. கழுவிட்டேன்."

அவள் சிவப்புப் பேனாவை மூடினாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள். 'சு' வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு அடுத்த தாளை எடுத்தாள். அந்த வீட்டில் அந்தச் சொல்லை இப்போது யாரும் சொல்வதில்லை. யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, அதுவாக நின்றுபோனது. அது இல்லாமல் தமிழ் பேசுவது, தண்ணீர் இல்லாமல் பாத்திரம் கழுவுவது மாதிரி. இருந்தும் மூன்று பேரும் சமாளித்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாமா உள்ளே வந்தார். இருவரையும் பார்த்து, என்னப்பா பண்றீங்க ரெண்டு பேரும் என்று கேட்டார்.

அதற்கு எல்லோருக்கும் ஒரே பதில்தான் தெரியும். அவன் அதைத் தவிர்த்து வேறொன்றைத் தேடினான்.

"ஒண்ணுமில்ல மாமா," என்றான்.