கட்டின கை

பலவேசத்துக்கு மில்லில் ஒரே வேலை, கை காட்டுவது. கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். நாள் முழுக்க ஒரு கையைத் தூக்கி இறக்குவதற்குச் சம்பளமா என்று தென்காசிக் கடைத்தெருவில் அவனைக் கேலி பண்ணாத ஆள் கிடையாது. ஆனால் குத்துக்கல்வலசை மர மில்லில் ரம்பம் ஓடத் தொடங்கிவிட்டால் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. என்ஜின் அறையில் நிற்கும் பேச்சிமுத்துவுக்கு ரம்பம் கண்ணுக்குத் தெரியாது. நடுவில் சுவர். சுவரில் ஒரு வாசல், வாசலில் பலவேசம். கை மேலே போனால் என்ஜினை நிறுத்த வேண்டும், கீழே வந்தால் ஓட்ட வேண்டும். ரம்பத்துக்கு மரத்தைத் தள்ளிக் கொடுக்கிற ஏசுதாசனும் அந்தக் கையை நம்பித்தான் குனிவான். எட்டு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அதைக் கெடுத்தது முதலாளியின் மரியாதை. வல்லிநாயகம் முதலாளி வந்தால் தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்க வேண்டும், இரண்டு கையும் நெஞ்சோடு கட்டிக்கொள்ள வேண்டும். அவர் அப்பா காலத்தில் வயலில் இருந்த வழக்கம் அப்படியே மில்லுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. வயலில் நாலு பேர் கை கட்டி நின்றால் நெல் கோபித்துக்கொள்ளவா போகிறது? ரம்பம் அப்படியா?

ஒரு தடவை முதலாளி எதிரே நிற்கும்போதே பலவேசம் கையைத் தூக்கிவிட்டான். மரத்தில் ஆணி இருந்தது, நிறுத்தியாக வேண்டும்.

"என்னலே, எம் மூஞ்சிக்கு நேரயே கைய ஓங்குதியா?"

விட்டார் ஓர் அறை, அத்தனை பேர் பார்க்க. பதினைந்து நாள் வேலை இல்லை. ஆணிக்காகத் தூக்கினேன் என்று சொல்லக்கூட அவனுக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பிறகு கேட்டில் முதலாளியின் தலை தெரிந்தாலே அவன் கைகள் தாமாக மடங்கிவிடும். அவனைக் கேட்டுக்கொண்டு மடங்குவதில்லை.

ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஆடி மாசம், நல்ல சாரல். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்த மதுரை விருந்தாளிகளுக்கு முதலாளி மில்லைச் சுற்றிக் காட்டினார். ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. பலவேசத்துக்கு எதிரே வந்து, ரம்பத்துக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, அடுக்கியிருந்த பலகைகளை விருந்தாளிகளுக்குக் காட்டினார். பலவேசத்தின் கை கட்டிக்கொண்டது.

அவர் தோளுக்கு மேலாக அவன் பார்த்தான். மழையில் ஊறிய மரம் வழுக்கி உருண்டது. ஏசுதாசனின் வேட்டி ரம்பத்தை ஓட்டும் பெல்ட்டில் மாட்டியது. ஏசுதாசன் கத்தவில்லை, கத்திப் பிரயோசனம் இல்லை என்று அவனுக்குத் தெரியும். திரும்பிப் பலவேசத்தின் கையைப் பார்த்தான். முகத்தைக்கூட இல்லை, கையைத்தான் பார்த்தான். பாவி மனுஷா, தூக்கேன்! பலவேசம் முதலாளியிடம் கண்ணால் ஜாடை காட்டினான். அவர் கவனிக்கவில்லை. கைகள் பிரிந்து மேலே போனபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற வழியிலேயே ஏசுதாசனின் உயிர் போய்விட்டது.

பத்தாம் நாள் திருநெல்வேலியிலிருந்து அதிகாரி விசாரிக்க வந்தார். அதற்கு முன்பே முதலாளி பலவேசத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "நீ சமயத்துக்குக் கை காட்டிட்ட. பேச்சிமுத்து பாக்கல. அம்புட்டுதான். மாத்திச் சொன்னியானா ஜெயிலுக்குப் போறது நீதான், பாத்துக்கோ."

பலவேசத்தின் ஒரு வார்த்தையில் இருந்தது பேச்சிமுத்துவின் வாழ்வு. அது அவனுக்குத் தெரியாமல் இல்லை. மூன்று ராத்திரி உறங்கவில்லை. ஆனாலும் ஆபீஸ் அறைக்குள் நுழைந்து, நாற்காலியில் முதலாளியைப் பார்த்ததும் துண்டு இறங்கியது, கை கட்டிக்கொண்டது. ஏசுதாசனின் பெண்டாட்டி ஜெபமலர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அய்யா, நான் இவன் கையிலருந்து கண்ண எடுக்கல," என்றான் பேச்சிமுத்து. "இவன் இந்தா நிக்கானே, இப்படித்தான் கை கட்டி நின்னான். நீங்களே கேளுங்க. ஏலே பலவேசம், நெசத்தச் சொல்லுலே. எனக்கும் பிள்ள குட்டி இருக்கு."

அதிகாரி பலவேசத்தைப் பார்த்தார். "நீ கையைத் தூக்கினியா?"

"தூக்குனேன், சாமி."

"எப்படித் தூக்கின? காட்டு, பாப்போம்."

சின்ன விஷயம். சோறு தின்கிற கை, தூக்கினால் தேய்ந்துவிடப் போகிறதா? பலவேசம் தூக்கத்தான் நினைத்தான். விரல்கள் அக்குளைப் பிடித்த பிடியை விடவில்லை. நெற்றியில் வேர்த்தது. அவன் கண் அதிகாரியிடம் இல்லை, முதலாளியிடம் இருந்தது.

"ஏலே, சும்மா தூக்குலே. அய்யா கேக்காகல்லா?" என்று முதலாளி சிரித்தார்.

உத்தரவு வந்த பிறகு கை பிரிந்தது. நெஞ்சு மட்டத்துக்குப் போயிற்று, அங்கேயே நின்றுவிட்டது.

அதிகாரி பேனாவை நிறுத்தினார். அந்தக் கையைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண் இருக்கிற எவனுக்கும் விளங்கும். ஆனால் ஒருத்தன் நிற்கிற நிலையைச் சாட்சி என்று எழுதுவதற்கு அவர் தாளில் இடம் இல்லை. வாயால் சொன்னதை எழுதினார். பலவேசம் கைநாட்டு வைத்தான். பேச்சிமுத்துவை, அதிகாரியோடு வந்திருந்த போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போனார். போகும்போது அவன் பலவேசத்தை ஏசக்கூட இல்லை.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. மரக் குவியலண்டை ஜெபமலர் பலவேசத்தை மறித்தாள். அவன் அப்போதும் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றான். அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பிரித்தாள்.

"இவ்வளவுதான அண்ணாச்சி! பொம்பள நான் இழுத்தாலே பிரியுதே. அன்னைக்கு ஒங்களுக்கு யாரு உத்தரவு தரணும்னு நின்னீய? எங்க வீட்டு ஆளு சாகுறதுக்கு யாருட்டயும் உத்தரவு கேக்கலையே!"

பலவேசம் குலுங்கி அழுதான். கைகள் இரண்டும் பக்கவாட்டில் தொங்கின. "தப்புதான் தாயி, நான்தான் கொன்னேன், இப்பமே உள்ள போயி சொல்லிருதேன்," என்றான். மெய்யாகவே சொல்லிவிடுவான் போலத்தான் இருந்தது. இடுப்புத் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸ் பக்கம் ஓரடி எடுத்தும் வைத்தான்.

அப்போது அதிகாரியை வழியனுப்ப முதலாளி வெளியே வந்தார்.

ஜெபமலர் பார்த்துக்கொண்டே இருந்தாள். பலவேசத்தின் துண்டு தோளிலிருந்து இறங்கியது. இரண்டு கையும் மேலே வந்து, ஒன்றன்மேல் ஒன்றாக, நெஞ்சோடு கட்டிக்கொண்டன.