நாலு பீட் வாசிக்காதவர்

சவரிராஜ் நாற்பத்தாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு பாட்டில் நாலு பீட் வாசிக்கவில்லை. அதற்குத் தன் பெயரைப் போடவேண்டும் என்று கேட்க, ஒரு செவ்வாய்க்கிழமை காலை வடபழனியில் இருக்கும் வாத்தியப் பெயர் தீர்ப்பு அலுவலகத்துக்குப் போனார். நியாயமான கோரிக்கைதான். அப்படிக் கேட்பதற்கென்றே அங்கே தனிப் படிவம் இருந்தது.

பாட்டு எல்லோருக்கும் தெரிந்த படகுப் பாட்டு. கடைசிச் சரணத்துக்கு முன்னால் சட்டென்று எல்லாம் நின்றுபோகும். நாலு பீட் ஒன்றுமே இருக்காது. பிறகு பாடகி மட்டும் தனியாக எடுப்பார். தொலைக்காட்சிப் போட்டிகளில் நடுவர்கள் அந்த இடத்தில்தான் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பாட்டின் உயிரே அந்த இடைவெளிதான் என்பார்கள்.

மற்றவர்களுக்கு அந்த இடத்தில் நோட்டேஷனிலேயே வேலை இல்லை. பாங்கோஸ் என்கிற ஜோடிக் கொட்டுக்கு மட்டும்தான் வேலை; பாட்டு முழுக்க அதற்கு இருந்ததே அந்த நாலு பீட்தான். பாங்கோஸ் வாசித்தவர் சவரிராஜ். பாட்டுப் பதிவில் டேக் போய்க்கொண்டிருந்தபோது அவருடைய கை மேலே போனது. வேண்டாம் என்று தோன்றியது. கையை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து டேக் ஓகே என்றார்கள். அதைப் பற்றி அன்றும் யாரும் அவரிடம் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

இப்போது அந்த இசைத்தட்டை மறுபடி வெளியிடுகிறார்கள். வாசித்த அத்தனை பேரின் பெயரும் இந்த முறை உறையில் வருமாம். சவரிராஜின் பெயர் இதுவரை எந்த உறையிலும் வந்ததில்லை. ரெக்கார்டிங் தியேட்டரில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. பாங்கோஸ் டீ குடிச்சாச்சா, பாங்கோஸுக்குப் பொண்ணு பொறந்திருக்காம், பாங்கோஸ் மாமியார் தவறிட்டாங்களாம் என்றே முப்பது வருடம் ஓடிவிட்டது. எழுபத்து நான்கு வயதில் ஒரு மனிதன் தன் பெயரை ஒரே ஒரு தடவை அச்சில் பார்க்க ஆசைப்படுவது பெரிய குற்றமா என்ன?

அலுவலகம் மூன்றாவது மாடியில் இருந்தது. பதினோரு மாடி ஏறிய பிறகு மூன்றாவது மாடி வந்தது. வாட்ச்மேன், செவ்வாய்க்கிழமை அப்படித்தான் என்றார்.

பெயர் அதிகாரி அம்சவேணி என்ற அம்மாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு பதிவேட்டைத் திறந்தார்.

“பேரு?”

“சவரிராஜ்.”

அவர் பக்கம் பக்கமாகத் தேடினார். “அப்படி யாரும் பொறக்கலையே.”

“பாங்கோஸ்னு பாருங்க மேடம்.”

“ஆங். பாங்கோஸ் இருக்கீங்க. என்ன வாசிச்சீங்க?”

“வாசிக்கல. நாலு பீட்.”

“வாசிக்காம இருந்தீங்களா, வாசிக்க மறந்துட்டீங்களா?”

“வாசிக்காம இருந்தேன்.”

“அப்போ பச்சை ஃபாரம். மறந்திருந்தீங்கன்னா மஞ்சள். மஞ்சளுக்கு இன்னைக்கே முடிச்சுக் குடுத்திருப்பேன்.”

டோக்கன் எண் நாலாயிரத்துப் பன்னிரண்டு. சவரிராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்தனை பேர் எதுக்கு மேடம் வந்திருக்காங்க?”

“அந்த நாலு பீட்ல வாசிக்காதவங்க எல்லாரும் இங்கதான சார் வரணும்?”

அவர் வராந்தாவைப் பார்த்தார். நின்ற ஆட்களுக்குத் தக்கபடி வராந்தாவும் நீண்டுகொண்டே போனது. நடுவில் நிற்பவர்கள் அடுப்பு போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு முன்னால் நின்றவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். பாட்டு பதிவான நேரத்தில் இவருடைய வண்டி ஆற்காடு ரோட்டில், தியேட்டர் வாசலிலேயே போய்க்கொண்டிருந்ததாம்.

“விசில் வாயிலதான் இருந்துச்சு. ஊதியிருக்கலாம். ஊதலையே” என்றார் கண்டக்டர்.

“நீங்க ஊதினாலும் உள்ள கேட்டிருக்காதுங்க.”

“அது எனக்குத் தெரியாதே. நான் என் பங்குக்கு ஊதல.”

கண்டக்டருக்கு முன்னால் முப்பத்திரண்டு வயதுக் கணினிக்காரர் ஒருவர் மடிக்கணினியோடு நின்றிருந்தார். பாட்டு பதிவானபோது அவர் பிறக்கவே இல்லை. தன்னைவிட முழுமையாக யாராலும் வாசிக்காமல் இருந்திருக்க முடியாது என்று அமைதியாகச் சொன்னார். பிறக்காதவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்று சுவரில் எழுதிப் போட்டிருந்தது.

இன்னும் முன்னால் ஒரு தெரிந்த புடவை தெரிந்தது. அவர் மனைவி பிலோமினா. கையில் பச்சைப் படிவம்.

“நீ எங்க இங்க?”

“நானும்தாங்க அன்னைக்கு வாசிக்கல. வீட்ல துணி துவைச்சுக்கிட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து கல்லுல ஒரு அடி அடிச்சிருப்பேனா?”

“பிலோமினா, வாசிக்க வேண்டியவன் வாசிக்காம இருக்கிறது வேற. சும்மா இருக்கிறது வேற.”

“யாருக்குக் கெடைச்சா என்னங்க? நம்ம வீட்டுக்குத்தான வருது.”

அவருக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. நாற்பத்தெட்டு வருடம் கூடவே குடித்தனம் நடத்தியவளுக்கே புரியவில்லை என்றால் ஊரைச் சொல்லி என்ன பிரயோஜனம்? திரும்பப் போய் வரிசையில் தன் இடத்தில் நின்றார். அவருடைய எண் வருவதற்குள் அம்சவேணிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

“செஞ்சு காட்டுங்க” என்றார் அம்சவேணி.

பாங்கோஸ் கொண்டுவந்து வைத்தார்கள். பாட்டைப் போட்டார்கள். அந்த இடம் வந்தது. சவரிராஜ் கையை மேலே தூக்கினார். அப்படியே நிறுத்தினார். நாலு பீட் போனது. நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகும் கை அதே உயரத்தில், அதே கனத்தோடு நின்றது. இதைவிடச் சுத்தமாக ஒருவரால் வாசிக்காமல் இருக்க முடியாது.

அம்சவேணி தலையாட்டினார். “வாசிக்கல. கரெக்ட். ஆனா நானும் இப்ப வாசிக்கலையே.”

“மேடம், என் கை மேல இருந்துச்சு.”

“இசைத்தட்டுல கை தெரியுமா சார்?”

தெரியாதுதான். கேட்பவர்கள் யாருக்கும் அது தெரியாது. அதற்காகத்தானே பெயரைப் போடச் சொல்கிறார்?

மதியத்துக்கு மேல் தீர்ப்பு வந்தது. உறையின் அச்சுப் பிரதியை எல்லோரும் பார்க்கும்படி மேசைமேல் விரித்தார்கள். வயலின் பதினெட்டுப் பேர், செல்லோ மூன்று பேர், புல்லாங்குழல் ஒருவர். அதற்குக் கீழே ‘நாலு பீட் இடைவெளி’ என்று போட்டு, இரண்டு புள்ளி வைத்து, பக்கத்தில் வெறும் வெள்ளையாக விட்டிருந்தார்கள்.

“எல்லாருக்கும் சேர்த்துப் போட்டாச்சு” என்றார் அம்சவேணி.

வராந்தா முழுக்கக் கைதட்டல். ஆள் மாற்றி ஆள் வந்து வெள்ளையைப் பார்த்தார்கள். தன் பெயர் நடுவில் நன்றாக வந்திருக்கிறது என்று கண்டக்டர் விரலால் தடவிக் காட்டினார். கணினிக்காரர் போட்டோ எடுத்துக்கொண்டார். பிலோமினா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள்.

“இங்க பாருங்க, நம்ம ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல போட்டிருக்காங்க.”

சவரிராஜ் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அம்சவேணி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதினா இடைவெளி போயிடும் சார்.”

“ஒரே ஒரு பேரு மேடம். சின்னதா எழுதுறேன்.”

“பிடிவாதம் பிடிக்காதீங்க. நீங்களும் அதுல இருக்கீங்க.”

சந்தோஷத்தில் யாரோ பாட்டை மறுபடியும் போட்டுவிட்டார்கள். எல்லோரும் அந்த இடத்துக்காகக் காத்து நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு, எந்நேரமும் வாசிக்காமல் இருக்கத் தயாராக, ஆளாளுக்கு ஒரு பெருமையோடு நின்றார்கள். அந்த முகங்களைப் பார்க்கப் பார்க்க சவரிராஜுக்குக் கடுப்பு தலைக்கேறியது. எல்லாம் நின்றது. அவர் கை மேலே போனது.

இந்த முறை கீழே வந்தது. நோட்டேஷனில் எழுதியிருந்த நாலு பீட்டையும், கடைசியில் ஒரு சின்ன உருட்டலையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் வாசித்தார். நன்றாகவே வாசித்தார்.

பாட்டு முடிந்தது. கீழே டீக்கடை ரேடியோவிலும் அந்த இடம் நிரம்பிவிட்டதாக வாட்ச்மேன் ஓடி வந்து சொன்னார். ஊரில் இருந்த எல்லாத் தட்டுகளிலும் அப்படியே ஆகிவிட்டது. கணினிக்காரர் தேம்பித் தேம்பி அழுதார். பிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்சவேணி வேறொரு பதிவேட்டை எடுத்தார்.

“பேரு?”

“சவரிராஜ்.”

அவர் தேடவில்லை. சான்று கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார். “இனிஷியல்?”

“எஸ். ஜே.”

ஐந்து நிமிடத்தில் புதிய அச்சுப் பிரதி வந்தது. வெள்ளை இருந்த இடத்தில் ‘இடைவெளியைக் கெடுத்தவர்: எஸ். ஜே. சவரிராஜ்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். எழுத்துப் பிழை ஒன்றுமில்லை.

அம்சவேணி எழுந்து நின்று வராந்தாவைப் பார்த்துக் கேட்டார். “இதுக்கு வேற யாராவது உரிமை கோருறீங்களா?”

நாலாயிரத்துப் பதினோரு பேரும் தரையைப் பார்த்தார்கள். சவரிராஜ் பேனா மூடியைக் கழற்றி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.