மொட்டை போட்ட பொம்மை

திருப்பதி பஜாரில் பொம்மைக் கடைக்குள் புருஷனும் பெண்டாட்டியும் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றார்கள். கன்னிகாவின் கையில் ஒரு பை நிறைய வெறும் மரக்கட்டைகள். தனசேகரின் கையில் இடுப்பு வரை கூந்தல் தொங்கும் பொம்மை. அதன் வயிற்றை அமுக்கினால் நாலு பாட்டு பாடும்.

"கட்டைய வெச்சிக்கினு கொயந்த இன்னா பண்ணும்? இது பாடுது பாரு," என்றான் தனசேகர்.

"அது பாடுனா நம்ம பொண்ணு வாயத் தெறக்குமா? கட்டைன்னா பசங்க சேந்து எதனா கட்டிக்கினு இருக்கும்."

காசு கொடுப்பவன் தனசேகர். பொம்மைதான் வீட்டுக்கு வந்தது.

அக்‌ஷயாவுக்கு அன்றைக்கு ஐந்து வயது முடிந்தது. அப்பனுக்கு ரேணிகுண்டா பக்கம் கம்பெனி வேலை கிடைத்து அரக்கோணத்தை விட்டு வந்த நாளிலிருந்து, வீட்டுக்கு வெளியே அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தெலுங்கில் கூப்பிட்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். கன்னிகாவுக்கு வயிறு எரிந்தது. இப்படியே இருந்தால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறேன், நீ இங்கே ஒண்டியாகப் பொங்கித் தின்னு என்று புருஷனிடம் சொல்லியும்விட்டாள். அண்ணன் ஆதிகேசவன் ஞாயிற்றுக்கிழமை வண்டி கொண்டுவருவதாக ஏற்பாடு.

பிறந்தநாளுக்கு வீட்டுக்காரம்மா சுமித்ராவின் மகன் நிதினும் எதிர்வீட்டு சபீனாவும் வந்தார்கள். ஆளுக்கொரு தரம் பொம்மையின் வயிற்றை அமுக்கினார்கள். நாலு பாட்டும் முடிந்தது. மறுபடி அமுக்கினால் மறுபடி அதே நாலு. கேக்கைத் தின்றார்கள், நடையைக் கட்டினார்கள். பின்னே? எல்லாவற்றையும் பொம்மையே செய்துவிட்டால் பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை? கன்னிகா முறைத்த முறைப்பில் தனசேகர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. நிதினை மலைக்குக் கூட்டிப்போய் மொட்டையடித்து, தலை நிறையச் சந்தனம் பூசி, மதியம் அழைத்து வந்தார்கள். படியில் உட்கார்ந்திருந்த அக்‌ஷயா அந்த மண்டையையே பார்த்தாள். பிறகு மடியிலிருந்த பொம்மையைப் பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள்.

கன்னிகா மொட்டைமாடியில் துணி உலர்த்திவிட்டுக் கீழே வந்தபோது படியெல்லாம் மயிர். வாங்கி ஒரு நாள் ஆகவில்லை, பாவி மகள் கத்தரிக்கோலை எடுத்து வழித்துவிட்டாள். மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடிக்கக் கையை ஓங்கிக்கொண்டே வாசலுக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"லைன்லோ ரண்டி, லைன்லோ!"

தள்ளாமல் வரிசையில் வரச்சொல்லித் தெலுங்கில் அதட்டுவது வேறு யார்? அவள் பெற்ற ஊமைக்கோட்டான்தான், நிதினையும் சபீனாவையும் பார்த்து. துணி கிளிப்புகள் எல்லாம் பக்தர்களாம். பொம்மை வந்த அட்டைப்பெட்டி மலைக்குப் போகிற பஸ். மொட்டைப் பொம்மை ஒரு தரம் நிதினின் அப்பா, அடுத்த தரம் சபீனாவின் தம்பிப் பாப்பா, அதற்கடுத்து பஸ் டிரைவர். மொட்டை போட்டால் முழுக்குப் போட வேண்டுமே, அதற்கு ஒரு வாளித் தண்ணீர். கன்னிகாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர வர.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்த தனசேகர் வாளியில் கிடந்த பொம்மையை எடுத்து வயிற்றை அமுக்கினான். நுரைதான் வந்தது.

"போச்சா? இனிமே பாடாதா?" என்றான் பாவமாக.

"அதுக்குப் பேச வராது நைனா," என்றாள் அக்‌ஷயா. "நாங்கதான் பேசணும். நீ லைன்ல ஒக்காரு."

தனசேகர் செருப்பைக் கழற்றிவிட்டு சபீனாவுக்குப் பின்னால் உட்கார்ந்தான். கன்னிகா உள்ளே போய் ஆதிகேசவனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, நாளைக்கு வண்டி வேணாம். நீ மட்டும் பஸ்ஸுல வா. தலைய வாரிக்கினு வராத, இங்க எப்பிடியும் வழிச்சுடுவாங்க."